ஒருமுறை வந்தால் மறுபடி வராதா?

1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. சுமார் 7,800 பேர் வாழ்ந்த இடத்தில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். நிலைமையைப் பார்க்க டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும் ஒன்றைக் கவனித்தார். 1781இலும் அங்கே தட்டம்மை வந்திருந்தது. அப்போது சிறுவயதில் அதில் விழுந்து எழுந்த கிழவர், கிழவிகளை இம்முறை நோய் அண்டவில்லை. 65 ஆண்டுகள் கழித்தும் உடம்பு அதை மறந்திருக்கவில்லை.

ஆனால் 2021 இறுதியில் கொரோனாவின் ஒமைக்ரான் திரிபு வந்தபோது, முந்தைய அலைகளில் படுத்தவர்கள் பலர் மறுபடியும் படுத்தார்கள். ஏன்?

கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் 1,273 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அதில் ஒரு பகுதிதான் நம் செல்லைப் பற்றுகிறது. நோயை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பான்கள் முந்திக்கொண்டு அந்த இடத்தை மூடிவிடப் பார்க்கின்றன. மாலையின் 484ஆம் மணியை எடுத்துக்கொள்வோம். மூல வைரஸில் அங்கே எதிர்மின்னேற்றமுள்ள குளூட்டாமிக் அமிலம். பீட்டா திரிபில் நேர்மின்னேற்றமுள்ள லைசின். பழைய மின்னேற்றத்தை நம்பி ஒட்டிய எதிர்ப்பான்களுக்குப் பிடி நழுவியது. ஒரு மணிக்கே இந்தப் பாடு. ஒமைக்ரான் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். அவற்றில் ஏறத்தாழ 15 பற்றும் பகுதியிலேயே.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் நிணநீர்க் கணுக்களில் பட்டறை ஓடுகிறது. எதிர்ப்பான்களை உருவாக்கும் பி-செல்கள் தங்கள் எதிர்ப்பான் மரபணுவில் எழுத்துகளை மாற்றி மாற்றிப் பார்க்கின்றன. வைரஸ் துணுக்கை இறுகப் பிடிப்பவை தங்கும், மற்றவை மடியும். மாதக்கணக்கில் நடக்கும் இந்தத் தேர்வில் தேறிய நினைவுச் செல்களில் சில, இதுவரை பார்த்திராத திரிபையும் பற்றக்கூடியவை. இரத்தத்தில் எதிர்ப்பான் அளவு இறங்கும் அதே காலத்தில்தான் இந்தத் தீட்டல் நடக்கிறது. நோயெதிர்ப்பின் இன்னொரு படையான டி-செல்களோ வைரஸின் பல துண்டுகளை அடையாளம் காண்பவை. சில மணிகள் மாறினால் ஏமாந்துவிடா.

பிறகு ஏன் மறுபடி காய்ச்சல்? நினைவுச் செல்கள் விழித்து, பெருகி, புதிய எதிர்ப்பான்களைக் கொட்டச் சில நாட்கள் வேண்டும். ஒமைக்ரான் மூன்று நாட்களிலேயே மூக்கிலும் தொண்டையிலும் வேலையைக் காட்டிவிடும். நுரையீரல்வரை இறங்கப் பார்க்கும்போது பெரும்பாலும் படை வந்துவிடுகிறது. அதனால்தான் மறுதொற்று பெருகிய அளவுக்குக் கடும் நோய் பெருகவில்லை.

தட்டம்மை பெரிதாக உருமாறுவதில்லை. அதோடு, தொற்றியதிலிருந்து தடிப்பு தோன்ற 13, 14 நாட்கள் ஆகும் என்பதையும் பானும் அந்தத் தீவுகளிலேயே கணக்கிட்டிருந்தார். அந்த முதியவர்களின் உடம்புக்கு நினைவும் இருந்தது, நேரமும் இருந்தது.