அகலக் கால் வைக்கும் ஜீப்புகள்

சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே செருகப்படும் ஒரு வட்டத் தகடு ஜீப்பின் தோற்றத்தையே மாற்றிவிடுகிறது. அதன் பாதுகாப்பை?

பார்ப்பதற்கு அது ஒரு கனமான வளையல். அலுமினியத்தில் கடைந்த அந்த வளையத்துக்குப் பெயர் வீல் ஸ்பேசர். டெல்லி கஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையிலிருந்து, திறந்த ஜீப்புகளுக்குப் பேர்போன ஹரியானாவின் மண்டி டப்வாலி வரை, கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டும் ஆசை கொண்டவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். நான்கு வளையங்களை மாட்டினால் சக்கரங்கள் வெளியே தள்ளி நிற்கும். வண்டி காலை அகட்டி நிற்கும் மல்லனைப் போலத் தெரியும்.

அகலமான வண்டி எளிதில் கவிழாது என்பதுதான் இதன் பின்னால் உள்ள வாதம். அதில் உண்மை இருக்கிறது. மாருதியே இதற்குச் சாட்சி. 1985இல் அறிமுகமான ஜிப்ஸியின் குறுகலான சக்கர இடைவெளியை 1993இல் அந்நிறுவனம் 90 மில்லிமீட்டர் அகலப்படுத்தியது. ஆனால் கம்பெனி நம்பியது வளையங்களை அல்ல. ஆக்ஸில்களே அகலமாக வந்தன. ரசிகர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் வேறுபாடு இது.

ஸ்பேசரால் கிடைக்கும் லாபம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கர இடைவெளி 1,300 மி.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 650 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்குகளின் அசைவை ஒதுக்கிவிட்டால், நிற்கும் வண்டி 45 டிகிரி சரிவில் பக்கவாட்டில் கவிழும். பக்கத்துக்கு 25 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அது 46 டிகிரியாகும். ஒரே ஒரு டிகிரிதான் கூடுகிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தி ஈர்ப்பு மையத்தை 50 மி.மீ. உயர்த்தினாலோ 43 டிகிரிக்குக் கீழே போய்விடும். அதன் மேல் ஸ்பேசர் போட்டாலும் 44தான். வண்டியை உயர்த்தியதால் போன நிலைத்தன்மையை ஸ்பேசர் மீட்டுத் தரும் என்ற நம்பிக்கை கணக்கில் தேறுவதில்லை.

ஸ்பேசரின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சேற்றுக்காகவும் மணலுக்காகவும் பெரிய டயர் போட்டவர்களுக்கு, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரின் உள்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கிலோ சேசிஸிலோ உரசும். சில சமயம் ஒரு விரல்கடை இடம் கிடைத்தால் போதும். அதற்காகப் புதிதாக நான்கு வீல்கள் வாங்குவதைவிட ஸ்பேசர் மலிவு. தேவையில்லை என்றால் கழற்றியும் வைத்துவிடலாம்.

இனி விலைப்பட்டியலில் வராத செலவுகள். சக்கரம் வெளியே நகர்ந்ததும் வண்டியின் பாரம் பேரிங்கை நெம்புகோல் போலத் திருகுகிறது. பேரிங்குகளின் ஆயுள் குறையும். முன் சக்கரம் கல்லில் மோதினால் அந்த உதை ஸ்டியரிங் வழியாக ஓட்டுநரின் கைக்கு முன்னைவிட பலமாக வரும். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர், சேற்றையும் சரளைக் கல்லையும் பின்னால் வருபவர்கள் மீதும் சொந்தக் கதவுகள் மீதும் வாரி இறைக்கும்.

வெளியே தள்ளி நிற்கும்படி வடிவமைக்கப்பட்ட வீல்களை வாங்கிப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. இது பாதி உண்மை. சக்கரம் 25 மி.மீ. வெளியே போனால், அது எந்த வழியில் போனாலும் பேரிங்குக்கு ஒரே சுமைதான். ஆனால் வீலை மாற்றினால் ஹப்பில் இருப்பது ஒரே இணைப்பு. ஸ்பேசர் போட்டால் இரண்டு. பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினால்தான் முதல் இணைப்பு கண்ணில் படும். அங்கே நட்டு தளர்ந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

ஸ்பேசர்களிலும் சாதிகள் உண்டு. சக்கரத்தின் பழைய ஸ்டட்டுகளிலேயே கோத்துவிடும் மெல்லிய தகடு ஒரு வகை. இது ஸ்டட்டின் நீளத்தைத் தின்றுவிடும். 12 மி.மீ. தடிமன் கொண்ட ஸ்டட்டில் நட்டுக்குக் குறைந்தது 12 மி.மீ. அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நாலு சுற்றில் நட்டு நின்றுவிட்டால் அந்த வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது. இரண்டாவது வகை, ஹப்பில் தனியாக முடுக்கப்பட்டுத் தனக்கென்று ஸ்டட்டுகளைக் கொண்டிருக்கும் தடித்த வளையம். ஹப்பின் நடுமேட்டில் கச்சிதமாக உட்காரும்படி கடையப்பட்டிருந்தால் இது ஓரளவு நம்பகமானது. ஃபோர்ஜிங் செய்த அலுமினியம் தாங்கும். அச்சில் வார்த்த மலிவு ரகமோ, வெறும் துளைகளை மட்டும் அளந்து லேத்தில் கடைந்த துண்டோ அதே பலத்தைத் தரும் என்று சொல்ல முடியாது.

மாட்டுவதில் காட்டும் அவசரமும் ஆபத்தே. ஹப்பின் துருவைச் சுரண்டாமல் பொருத்தினால் வளையம் சமமாக உட்காராது. கண் மதிப்பில் முடுக்காமல் டார்க் ரெஞ்ச் கொண்டு, குறித்த அளவுக்கு முடுக்க வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரங்களைக் கழற்றி மறுபடி சரிபார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும்.

பிறகு சட்டம். வாகனத்தின் அடிப்படை அம்சங்களைத் தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் என்று வகைசெய்தது. ஒரு வளையம் 'அடிப்படை அம்சத்தை' மாற்றுகிறதா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம். தெரிவிக்காத மாற்றம், இழப்பீட்டை மறுக்க நல்ல சாக்கு.

2014இல் கோவாவில் இந்தியப் பதிப்பு தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளின் கதை வேறு. அங்கே வண்டி ஓடுவது தனிக் களத்தில். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு நட்டுகளைச் சோதிக்க ஆள் இருக்கும். திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப்படுகைக்கும் ஒரே ஜீப்பில் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. டயர் உரசுகிறது என்றால் தரமான ஸ்பேசர் ஒரு தீர்வு. தோற்றத்துக்காக மட்டும் என்றால், அகலக் கால் வைக்காதே என்ற பழைய புத்திமதி ஜீப்புக்கும் பொருந்தும்.