உங்க ரத்தத்துல இருக்கிற இரும்பு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?

வயதுவந்த ஒருவரின் உடலில் இருக்கும் இரும்பு மொத்தமே 3 முதல் 4 கிராம்தான். அது சாப்பாட்டிலிருந்து வந்தது. சாப்பாட்டுக்கு மண்ணிலிருந்து வந்தது. சரி, மண்ணுக்கு? வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களிலிருந்து!

நட்சத்திரம் ஏன் வெடிக்குது?

பெருவெடிப்பு தந்தது பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். இரும்பெல்லாம் பின்னாடி நட்சத்திரங்களில் 'சமைக்கப்பட்டது'.

சூரியன் போன்ற நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும், கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த 'வெண்குறுமீன்' ஆகச் சுருங்கிவிடும். பக்கத்தில் துணை நட்சத்திரம் இருந்தால், அதிலிருந்து பொருளை இழுத்து எடை கூடிக்கொண்டே போகலாம். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறையை நெருங்கினால், டமால்!

இந்த எல்லைதான் 'சந்திரசேகர் வரம்பு'. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கில் தொடங்கியது இது. அப்போ அவருக்கு வயசு 19! 1983-ல் நோபல் பரிசும் பெற்றார்.

இரும்பு எப்படி உருவாகுது?

வெடித்த சில நொடிகளில் கார்பனும் ஆக்சிஜனும் இணைந்து நிக்கல்-56 ஆகின்றன. அது நிலையானது இல்லை. சுமார் 6 நாளில் அதில் பாதி கோபால்ட்-56 ஆக மாறும். அந்த கோபால்ட்டில் பாதி சுமார் 77 நாளில் இரும்பாகும்.

இதுக்கு ஆதாரம் இருக்கா?

இருக்கு. 2014 ஜனவரி 21 அன்று லண்டனில் மாணவர்களுக்குத் தொலைநோக்கிப் பயிற்சி நடந்தது. மேகம் சூழ்ந்துகொண்டே வர, அவசரமாக எம்82 விண்மீன் மண்டலத்தைப் பார்த்தார்கள். அங்கே புதுசா ஒரு வெளிச்சப் புள்ளி! சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் நடந்த அந்த வெடிப்புக்கு எஸ்என் 2014ஜே என்று பெயர்.

ஐரோப்பாவின் 'இன்டக்ரல்' செயற்கைக்கோள் அந்தப் பக்கம் திரும்பியது. கோபால்ட்-56 இரும்பாக மாறும்போது வெளிவரும் காமா கதிர்களை அப்படியே பிடித்தது. கணக்குப் போட்டால், அந்த ஒரே வெடிப்பில் உருவான நிக்கல் சுமார் 0.6 சூரிய நிறை. அதாவது, சுமார் 2 லட்சம் பூமிகளின் எடை!

அப்போ எல்லாமே இப்படித்தானா?

இல்லை. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைப் பெருமளவு தந்தது, சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரங்களின் வெடிப்பு. தங்கத்துக்கு இன்னொரு வழி: நியூட்ரான் நட்சத்திரங்களின் மோதல். 2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படி ஒரு மோதலில் கன உலோகங்கள் உருவானதற்கான தடயம் சிக்கியது.

நம்ம சூரியனும் பூமியும் உருவாகி சுமார் 460 கோடி வருஷம் ஆச்சு. உங்க உடம்பில் இருக்கும் இரும்புக்கு அதைவிட வயசு அதிகம்!