மாடிப்படிக்குக் கீழே ஒரு பட்டறை – 9: அடிப்பக்கமும் பலகைதான்

போன வாரம் ரவுட்டர் வாங்கியாயிற்று. அதைக் கையில் பிடித்துக் கட்டையின் மேல் ஓட்டுவது ஒரு வழி. மேஜைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, கட்டையை அதன்மேல் தள்ளுவது இன்னொரு வழி. பீடிங்குக்கும் சின்னச் சட்டங்களுக்கும் இரண்டாவதுதான் தோது. அந்த மேஜைக்கு மேல்பலகையாக எதைப் போடுவது?

தேவை மூன்று: மட்டமாக இருக்க வேண்டும், கட்டை வழுக்கிக்கொண்டு போக வேண்டும், வருஷம் முழுக்க அப்படியே நிற்க வேண்டும். தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். கால் நூல் என்றால் ஏறக்குறைய 0.8 மி.மீ. சாப்பாட்டு மேஜையில் அது யார் கண்ணிலும் படாது. இங்கே பிட்டைச் சுற்றிக் கால் நூல் பள்ளம் விழுந்தால், நீளமான கட்டை பள்ளத்தில் இறங்காமல் தாண்டிப் போய்விடும். 6 மி.மீ. வைத்த காடி 5.2-லேயே நின்றுவிடும்.

மட்டம் என்றதும் அம்பத்தூர்க்காரர்களுக்கு கிரானைட் ஞாபகம் வரும். 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை இது. பாகங்களை அளந்து பார்க்கும் அறைகளில் கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் சகஜம். துருப் பிடிக்காது, அடிபட்டால் இரும்பைப் போல விளிம்பு பிதுங்காமல் சில்லாகத் தெறித்துவிடும், மற்ற இடம் மட்டமாகவே இருக்கும். அப்படியானால் சமையலறை சிங்க்குக்கு வெட்டியெடுத்த துண்டு போதாதா? போதாது. பிளேட்டைத் தேய்த்துத் தேய்த்து மட்டத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். மேடைக் கல்லைப் பளபளப்புக்காகத்தான் தேய்ப்பார்கள். மூன்றுக்கு இரண்டடி, 18 மி.மீ. கல் சுமார் 27 கிலோ. அதில் ஸ்க்ரூவும் பிடிக்காது.

அடுத்தது பிளைவுட். பலம் உண்டு, ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். ஆனால் கடையில் சுவரோரம் சாய்த்து வைத்த ஷீட் பெரும்பாலும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும். விளிம்போரமாக ஒற்றைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். படுக்கை அடுக்கிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

மட்டத்தில் எம்.டி.எஃப்.தான் முந்துகிறது. ஆனால் அதற்கு ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் சுவரே வியர்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வராத வருஷத்திலும் காற்றின் ஈரம் போதும். எம்.டி.எஃப். பலகையின் முகம் இறுகியிருக்கும், நடு இளகலாக இருக்கும். ரவுட்டருக்காக ஓட்டை போட்டதும் அந்த நடுப்பகுதி திறந்துகொள்கிறது. ஈரத்தைக் குடித்து ஓட்டையின் உதடு உப்புகிறது. கட்டை கடந்து போகிற அந்த இடத்திலேயே மேடு!

மேலே மைகா ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். "அடியில யாரு சார் பாக்கப் போறாங்க?" என்று அடிப்பக்கத்துக்கு மைகாவை மிச்சம் பிடிப்பார் தச்சர். அலமாரிக்கு அது சரி. அதைச் சட்டம் இழுத்துப் பிடித்திருக்கும். தனிப் பலகையில் மேல்முகம் மூடி, கீழ்முகம் மட்டும் ஈரம் குடித்துக் காய்ந்து விரிந்து சுருங்கினால், ஒரு மழைக்காலத்திலேயே பலகை வளைந்துவிடும். மேல்முகம் மட்டமாக நிற்பதும் நிற்காததும் கீழ்முகத்தின் கையில் இருக்கிறது.

ஆக, என் சிபாரிசு இது. 18 மி.மீ. எம்.டி.எஃப். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஃபெவிகால் போட்டு, பாரம் வைத்து ஒட்டுங்கள். கனம் இரண்டு மடங்கானால் வளையாத பலம் எட்டு மடங்கு. ரவுட்டர் தொங்கும் பாரத்துக்கு அது வேண்டும். மேலும் கீழும் ஒரே கனத்தில், 1 மி.மீ. மைகா. வெட்டிய விளிம்புகளுக்கும் ஓட்டையின் உள்சுவருக்கும் இரண்டு மூன்று கை சீலர். அடியில் ரீப்பர்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி ஸ்க்ரூ போடுங்கள். பட்ஜெட் இடித்தால், இரண்டு பக்கமும் கம்பெனியிலேயே மெலமைன் தாள் அழுத்தி வரும் பிரீலாம் எம்.டி.எஃப். ஒன்றே போதும்; ரீப்பரை மட்டும் நெருக்கிப் போடுங்கள்.

முடித்த பிறகு இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். அடியில் விசிட்டிங் கார்டு நுழைந்தால் ரீப்பருக்கும் பலகைக்கும் நடுவே காகிதம் செருகி மட்டம் கட்டுங்கள். இதே சோதனையைக் கார்த்திகையில் ஒரு தடவையும் சித்திரையில் ஒரு தடவையும் செய்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: கட்டையை நேராக ஓட்டிச்செல்லும் ஃபென்ஸ்.

(தொடரும்)