உலோகத்தின் பணியில் அயோடின்

1811ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டில் கூர்த்துவா என்பார் வெடியுப்புச் செய்தற்பொருட்டுக் கடற்பாசியின் சாம்பலைப் பயன்படுத்தி வந்தார். ஒருநாள் அதில் கந்தக அமிலம் சற்று மிகுதியாக விழவே, ஊதா நிற ஆவி எழுந்தது. அவ்வாவி குளிர்ந்து கரிய படிகங்களாகப் படிந்தது. அதுவே அயோடின். புண்ணுக்கு இடும் மருந்திலும் உண்ணும் உப்பிலும் நாம் அதனை அறிவோம். இரசாயனக் கூடத்தில் அது ஆற்றும் பணியோ பலர் அறியாதது.

மருந்துகளையும் நறுமணப் பொருள்களையும் ஆக்குங்கால் ஆக்ஸிகரணம் என்னும் வினை அடிக்கடி வேண்டப்படும். ஆல்கஹால் வகைப் பொருளினின்று ஹைட்ரஜனைப் பறித்து அதனை ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ மாற்றுவது இவ்வினைக்கு எளிய சான்று. நெடுங்காலமாக இதற்குக் குரோமியச் சேர்மங்களையே பெரிதும் கையாண்டனர். வேலை செவ்வனே நடந்தது. ஆனால் அச்சேர்மங்களோ புற்றுநோய் விளைப்பவை. வேலை முடிந்தபின் எஞ்சும் கழிவை எங்கே கொட்டுவது?

அயோடின் அணு பொதுவாக ஒரு கையையே நீட்டும். எனினும் உருவிற் பெரியதாகையால் மூன்று கைகளும் ஐந்து கைகளும் நீட்டவல்லது. 1886இல் ஜெர்மானிய அறிஞர் வில்கெரோட் அத்தகைய சேர்மம் ஒன்றை ஆக்கினார். இந்நிலையில் உள்ள அயோடின் பிற பொருளினின்று எலெக்ட்ரான்களைக் கவர்ந்து பழைய நிலைக்கு மீளும். எலெக்ட்ரான்களை இழந்த பொருள் ஆக்ஸிகரணம் அடையும். குரோமியம் செய்வதும் இதுவே அன்றோ?

1983இல் அமெரிக்காவில் டெஸ், மார்ட்டின் என்னும் இருவர் இவ்வகையில் சிறந்ததொரு சேர்மத்தை வெளியிட்டனர். ஆயினும் மாற்றவேண்டிய பொருளுக்கு ஈடான அளவில் அதனை இடவேண்டியிருந்தது. மேலும், இவ்வகைச் சேர்மங்களுட் சில சூடேறினால் வெடிக்கும்.

ஏற்றம் இறைக்கும் உழவன் ஒவ்வொரு முறைக்கும் புதிய சால் தேடுவானோ? ஒரே சால் வெறுமையாய் இறங்கும், நிறைந்து ஏறும். அயோடினையும் அவ்வாறு மீண்டும் மீண்டும் வேலைவாங்க இயலும் என 2005இல் ஜப்பானியராகிய கீட்டா, ஓச்சியாய் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே காட்டின. சிறிதளவு அயோடின் சேர்மமே வினையூக்கியாயிற்று. ஆனால் அதனை மீட்க அவர்கள் இட்ட பொருள் குளோரோபென்சாயிக் அமிலத்தைக் கழிவாக விட்டது. சால் தூயதாயினும் கிணறும் தூயதாதல் வேண்டும்! 2010இல் நகோயாப் பல்கலைக்கழகத்து இஷிஹாரா குழுவினர், வளையச் சேர்மம் ஒன்றை ஆக்கும் வினையில், அப்பொருளுக்கு மாற்றாக ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு அயோடினை இயக்கினர். அதனினின்று எஞ்சியது வெறும் நீரே.

கார்பனோடு கார்பனை இணைக்கும் வினைகள் பலவற்றில் பல்லேடியம் என்னும் உலோகத்தின் இடத்தை அயோடின் இன்னும் பெறவில்லை.