சல்லடை ஒன்றுதான்: பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ எப்படி இயங்குகிறது?

இடியாப்பத்துக்கு மாவு சலிக்கிறவர்கள் அரிசிக்கு அரிசி சல்லடையை மாற்றுவதில்லை. வீட்டில் இருப்பது ஒரு சல்லடை. எந்த அரிசியானாலும் அதன் கண்ணுக்குள் இறங்கும் பதத்துக்கு அரைத்துக்கொண்டு வருவதுதான் வேலை. பழைய மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் செட்டுகளின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான். எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918-இல் வகுத்த இந்த முறைக்கு சூப்பர்ஹெட்ரோடைன் என்று பெயர். கடலூரிலோ சிதம்பரத்திலோ பரணில் கிடக்கும் ஒரு செட்டைத் திரும்பப் பாட வைக்க நினைப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் பக்கத்துக்குப் பழகிய மூன்று மீடியம் வேவ் நிலையங்களை எடுத்துக்கொள்வோம். சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936, புதுச்சேரி 1215. மூன்றும் மூன்று ரக அரிசி. செட்டுக்குள் இருக்கும் ஆசிலேட்டர் தானும் ஒரு அலையை உண்டாக்குகிறது. முள் சென்னையில் நின்றால் அது 1175, திருச்சியில் 1391, புதுச்சேரியில் 1670. வந்த அலையும் இந்த அலையும் கலந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். கழித்துப் பாருங்கள், மூன்று இடத்திலும் 455. அரைத்து முடித்த பதம் அதுதான்.

அரைப்பதற்கு முன்னால் முறத்தில் புடைக்கிற வேலையை ஃபெரைட் ராடில் சுற்றிய ஆன்டெனா காயில் செய்கிறது. வேண்டிய நிலையத்தை மேலோட்டமாகப் பிரித்து எடுக்கும். புடைப்பதும் அரைப்பதும் சேர்ந்தே நகர வேண்டும் என்பதால்தான் நிலையம் மாற்றும் கேங் கண்டென்சரில் ஒரே தண்டில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று ஆன்டெனாவுக்கு, இன்னொன்று ஆசிலேட்டருக்கு.

சல்லடை, தகரக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஐஎஃப்டி. பல செட்டுகளில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று மூன்று, ஒன்றன் பின் ஒன்றாக. சிவப்புத் தலை இருந்தால் அது ஆசிலேட்டர் காயில். அடுக்களைச் சல்லடை கண்ணைவிடச் சின்னதையும் கீழே விட்டுவிடும். ஐஎஃப்டி இன்னும் கறார். 455-ஐ ஒட்டிய சில கிலோஹெர்ட்ஸை மட்டும் விட்டு, பெரியதையும் சின்னதையும் தள்ளிவிடும். மூன்றும் ஒரே அளவில் நின்றால் நிலையங்கள் தனித்தனியாகக் கேட்கும். ஒன்று 450-க்கும் இன்னொன்று 460-க்கும் விலகி நின்றால், முதலில் தப்பியது அடுத்ததில் மாட்டிக்கொள்ளும். சத்தம் குறையும், பக்கத்து நிலையம் கலக்கும். அப்புறம் டயோடு பேச்சைப் பிரித்துத் தரும், மிச்ச டிரான்சிஸ்டர்கள் ஸ்பீக்கருக்குத் தள்ளும். அந்தப் பக்கம் அலைன்மென்ட், அதாவது பதத்தைத் திருகிச் சரிசெய்யும் வேலை, எதுவும் கிடையாது.

இவ்வளவு தெரிந்ததும் கை நேராக ஐஎஃப்டி திருகை நோக்கிப் போகும். போகக் கூடாது. கம்பெனியில் வைத்த பதம் தானாக விலகுவது குறைவு. செட் பாடாததற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில், நம் கரையோரத்திலோ உப்புக் காற்றில் இருக்கும். தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை பக்கத்துச் செட்டைத் திறந்தால் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பைத்தான் முதலில் பார்ப்பீர்கள். உப்புத்தாளால் தேய்த்து, நான்கு புது கட்டைகள் போட்டு, ஆறு வோல்ட் போர்டு வரை போகிறதா என்று பாருங்கள். வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் ஸ்பீக்கரில் ‘கர்’ரென்று வரவேண்டும். வந்தால் பின்பாதி நலம், கோளாறு முன்னால். புட்புட்டென்று தோணி மோட்டார் மாதிரி அடித்தால் பேட்டரி லைனில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் காய்ந்துவிட்டது, மாற்றுங்கள். ஏஎஃப்117 போன்ற பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களில் கூட்டுக்குள்ளேயே முடி போன்ற உலோக இழை வளர்ந்து, உள்ளிருக்கும் காலைக் கூட்டோடு ஷார்ட் செய்துவிடும்.

பலர் பார்க்கத் தவறும் இடம் ஆன்டெனா காயில். அதன் கம்பி ஒற்றைக் கம்பி அல்ல. எனாமல் பூசிய மயிரிழைக் கம்பிகள் பல சேர்ந்த ஒரு புரி. நுனியில் உப்பு ஏறினால் இரண்டு மூன்று இழைகள் அறுந்துபோகும், மிச்சம் பிடித்திருக்கும். செட் பாடும், ஆனால் புதுச்சேரி மட்டும் கேட்கும், திருச்சி வராது. லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு இழையின் எனாமலையும் போக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஈயம் வைத்தால் போன நிலையம் திரும்பும். இதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துத் திருகியதால் பாழான செட்டுகளை மேசையில் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது நான்கு கட்டையில் ஓடும் செட்டுக்கு என்ன மதிப்பு என்பதைக் கடலூர் மாவட்டம் அறியும்.

இத்தனைக்கும் பிறகு தேவைப்பட்டால்தான் அலைன்மென்ட். அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் சல்லடை, பிறகு அரைப்பது, கடைசியில் புடைப்பது. இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். இரும்பு அருகே வந்தாலே பதம் மாறும், ஃபெரைட் திருகும் உடையும். மூங்கில் சீவலைத் தட்டையாகச் செதுக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் ஜெனரேட்டரில் 455 வைத்து, கடைசி ஐஎஃப்டியில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள். ஒவ்வொன்றையும் சத்தம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஜெனரேட்டர் இல்லாதவர் நிலையத்தை வைத்தே செய்யலாம், ஆனால் எந்த நிலையம் என்பதில் சூட்சுமம் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். பலமாக வரும். சிக்னல் பலமாக இருந்தால் செட்டுக்குள் உள்ள ஏஜிசி என்ற ஏற்பாடு தானாகவே சத்தத்தை அடக்கி ஒரே மட்டத்தில் வைக்கும். நீங்கள் திருகினாலும் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஆகவே மெலிதாக வரும் நிலையத்தையே பிடியுங்கள். பலமான நிலையம்தான் கிடைக்கிறது என்றால் ஃபெரைட் ராடு நிலையத்தை நோக்கி நீளும்படி செட்டைத் திருப்பினால் சிக்னல் மெலியும்.

அடுத்து டயல். சென்னையில் நிறுத்தி, முள் 720-இல் நிற்கும்படி ஆசிலேட்டர் காயிலைத் திருகி, ஆன்டெனா காயிலை ராடின் மேல் நகர்த்தி உச்சம் பாருங்கள். பிறகு புதுச்சேரிக்குப் போய் 1215-க்கு கேங்கின் ட்ரிம்மர்களைத் திருத்துங்கள். ஒரு முனையைத் திருத்தினால் மறுமுனை கொஞ்சம் விலகும். அசையாமல் நிற்கும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். முடிந்ததும் காயில் நழுவாமல் மெழுகு வையுங்கள்.

வேலை முழுவதும் பகலில் நடக்கட்டும். இருட்டிய பிறகு தூரத்து நிலையங்களின் அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும், சத்தம் தானாக ஏறி இறங்கும். கிடைத்த உச்சம் உங்கள் திருகலால் வந்ததா, வானத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.