விரல் துண்டானால் எங்கே ஓடுவது? வடசென்னைக்குக் கை கொடுக்கும் ஸ்டான்லி!

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் பேச்சுக் குரல் காதில் விழாது. ஒரு பக்கம் லாரியிலிருந்து தகடு இறங்குகிறது. இன்னொரு பக்கம் கேஸ் கட்டிங். அப்படியே திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனால் லேத் பட்டறைகள், பிரஸ் மெஷின்கள். காசிமேட்டில் வலை இழுக்கும் வின்ச்சுகள். வடசென்னையில் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிவது இரண்டு கைகளை நம்பித்தான்.

அந்தக் கையில் அடிபட்டால்? அதற்கென்றே பழைய சிறைச்சாலை சாலையில் ஒரு கட்டடம் இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் ‘கை ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிலையம், பிளாஸ்டிக் சர்ஜரி துறை’. பெயர் நீளம். ஏரியாக்காரர்களுக்கு அது ‘ஸ்டான்லி கை வார்டு’.

கஞ்சித் தொட்டியில் தொடங்கிய கதை

ஸ்டான்லியைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் பெரியவர்கள் ராயபுரத்தில் இன்னும் உண்டு. ஹைதர் அலியுடன் நடந்த போரை ஒட்டிப் பஞ்சம் வந்தபோது, 1782-ல் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் இதன் வேர். பசிக்கு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள். சத்திரத்தின் பக்கத்திலேயே வைத்தியமும் வளர்ந்தது. பிறகு மருத்துவப் பள்ளி வந்தது. 1938-ல் அது, மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயரில் கல்லூரியானது. இப்போது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

1970-களின் தொடக்கத்தில் இங்கே கைக்காயங்களுக்குத் தனிப் பிரிவைக் கட்டி எழுப்பியவர் டாக்டர் ஆர்.வெங்கடசாமி. ஏன் தனிப் பிரிவு? கை என்பது ஒரே ஒரு உறுப்பு போலத் தெரிந்தாலும், ஒரு கைக்குள் 27 எலும்புகள் இருக்கின்றன. விரலுக்குள் அதை மடக்கி நீட்டும் தசையே கிடையாது. முழங்கைக்குக் கீழே இருக்கும் தசைகள், கயிறு போன்ற தசைநாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன. கூடவே ரத்தக்குழாய், நரம்பு, தோல். எலும்புக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர் என்று பிரித்துப் பார்த்தால் கை பிழைக்கும், ஆனால் வேலைக்கு உதவாது. அத்தனையையும் ஒரே இடத்தில், ஒரே குழு பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை.

ஸ்டான்லி பெயரில் ஒரு முக்கோணம்

மெஷினில் அதிகம் அடிபடுவது விரல் நுனி. நுனியின் சதை போய் எலும்பு தெரிந்தால், எலும்பைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத் தைத்து மூடுவது சுலபமான வழி. ஆனால் விரல் குட்டையாகிவிடும். வேறு இடத்துத் தோலை ஒட்டினால், தொட்டால் உணர்ச்சி சரியாக இருக்காது. சூடு தெரியாத விரலோடு பட்டறையில் நிற்க முடியுமா?

இதற்கு வெங்கடசாமியும் உடன் பணியாற்றிய சுப்பிரமணியனும் ஒரு வழி கண்டார்கள். அதே விரலின் பக்கவாட்டில் முக்கோண வடிவில் தோலை, அதன் நரம்பும் ரத்தக்குழாயும் அறுபடாமல் விடுவித்து, நுனிக்கு நகர்த்தித் தைப்பது. நரம்பு கூடவே வருவதால் உணர்ச்சியும் கூடவே வருகிறது. 1980-ல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் இந்த ஆய்வு வெளியானது. இன்று உலகம் முழுவதும் கை அறுவை சிகிச்சை படிப்பவர்கள் இதை ‘வெங்கடசாமி ஃபிளாப்’ என்றே படிக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பெருமை அல்ல. அதற்கு முன்பே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை மூலம் நிமிர்த்திக் காட்டியிருந்தார்.

உள்ளே என்ன நடக்கிறது?

காயத்தோடு வருபவர்களுக்கு இரவு பகல் பாராத அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், மைக்ராஸ்கோப் வைத்துச் செய்யும் மைக்ரோ சர்ஜரி, பிசியோதெரபி. இதோடு, பிளாஸ்டிக் சர்ஜரியில் உயர்படிப்பும் இங்கேயே. விரலுக்குள் ஓடும் ரத்தக்குழாயின் அகலம் சுமார் ஒரு மில்லிமீட்டர். அதைத் தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. துண்டான கட்டைவிரலை இப்படி ஒட்டவைக்க முடியும் என்று 1965-ல் முதலில் காட்டியவர்கள் ஜப்பான் டாக்டர்கள்.

2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அடுத்த படி ஏறியது. மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஒரு தொழிலாளிக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகள் பொருத்தப்பட்டன. தமிழகத்தின் முதல் கை மாற்று அறுவை சிகிச்சை அதுதான். நடந்தது அரசு ஆஸ்பத்திரியில்.

ஆபரேஷனோடு முடிவதில்லை

தைத்த தசைநாணை அவசரப்பட்டு அசைத்தால் அறுந்துவிடும். பயந்து அசைக்காமலே வைத்திருந்தால், சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. எந்த வாரம் எவ்வளவு அசைக்கலாம் என்பதை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். இங்கேதான் தினக்கூலிக்காரர் தடுமாறுகிறார். ‘தையல் பிரிச்சாச்சு, இனி எதுக்கு லீவு போட்டு அலையணும்?’ என்று நின்றுவிட்டால், டாக்டர் விடிய விடியத் தைத்தது வீணாகிவிடும். நிலையத்தின் பெயரில் ‘மறுவாழ்வு’ என்ற சொல் இருப்பதன் காரணமும் இதுவே.

ஒரு விரலின் விலை என்ன? 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அதற்குக் கணக்கு வைத்திருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகிதம் இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7. பணம் கிடைக்கும்தான். ஆனால் கட்டைவிரல் இல்லாமல் ஸ்பேனரைப் பிடிக்க முடியாது.

மறக்கக் கூடாதவை

* ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம்.

* துண்டான விரலைத் தண்ணீரில் போடாதீர்கள். நேராக ஐஸில் வைத்தாலும் திசு கெட்டுவிடும். ஈரப்படுத்திய சுத்தமான துணியில் சுற்றி, பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள்.

* நசுங்கிவிட்டதே என்று துண்டை வீசி எறியாதீர்கள். ஒட்ட முடியாவிட்டாலும் அதன் தோல் பயன்படலாம்.

* முறையாகக் குளிர்ச்சியில் வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும். தசை உள்ள பகுதி, அதாவது மணிக்கட்டோ அதற்கு மேலோ துண்டானால், குளிர்ச்சி இல்லாமல் சுமார் 6 மணி நேரம்தான் கெடு.

* கண்ட இடத்தில் தையல் போட்டு நேரத்தைக் கரைக்காமல், 108-ஐ அழைத்து மைக்ரோ சர்ஜரி வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.

பட்டறையில் வேலை செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். விபத்து நடக்கும் நேரத்தில் யாருக்கும் போனை எடுத்துத் தேடிப் படிக்க ஓடாது.