லண்டன் ஃப்ளாட்டின் லீஸ் 80 வருஷத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும்?

சென்னையில் 'லீஸுக்கு வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருஷம் குடியிருப்பது. மதுரைப் பக்கம் இதையே ஒத்தி என்பார்கள். காலி செய்யும்போது கொடுத்த பணம் கைக்கு வந்துவிடும்.

வேலைக்காக இங்கிலாந்து போய், அங்கேயே ஃப்ளாட் வாங்கலாம் என்று தேடத் தொடங்கும் நம்மூர் ஆட்களை இந்த வார்த்தைதான் முதலில் குழப்பும். அங்கே 'லீஸ்ஹோல்டு' ஃப்ளாட்டை முழு விலை கொடுத்து, வங்கிக் கடன் போட்டுத்தான் வாங்குகிறார்கள். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால், அந்த உரிமைக்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது.

நிலம் யாருடையது?

நம்மூரில் ஃப்ளாட் வாங்கினால், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யு.டி.எஸ்., நம் பெயருக்குப் பதிவாகும். இங்கிலாந்து, வேல்ஸில் பெரும்பாலான ஃப்ளாட்டுகளுக்கு இது கிடையாது. நிலமும் கட்டடமும் 'ஃப்ரீஹோல்டர்' எனப்படும் உரிமையாளரிடம் இருக்கும். ஃப்ளாட் வாங்குபவருக்குக் கிடைப்பது 99 அல்லது 125 வருஷம் போன்ற நீண்டகாலக் குத்தகை. பல பழைய லீஸ்களில், வருஷா வருஷம் 'கிரவுண்ட் ரென்ட்' என்ற நில வாடகையும் கட்ட வேண்டும்.

லீஸ் முடிந்தால் ஃப்ளாட் ஃப்ரீஹோல்டருக்கே திரும்பிப் போகும். 'அதுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கே' என்று தோன்றலாம். சிக்கல் கடைசி வருஷத்தில் வருவதில்லை. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 80 வருஷம் மீதி இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

80 வருஷக் கோடு

லீஸை நீட்டிக்கும் உரிமையை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஃப்ளாட் உரிமையாளர்களுக்குக் கொடுத்திருக்கிறது. இதன்படி, மீதமுள்ள காலத்தோடு இன்னும் 90 வருஷம் சேரும். நில வாடகை 'ஒரு மிளகு' ஆகிவிடும். ஆமாம், சட்ட மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். நடைமுறையில் வாடகை பூஜ்யம் என்று அர்த்தம்.

இதற்காக ஃப்ரீஹோல்டருக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். லீஸில் 80 வருஷத்துக்கு மேல் மீதி இருந்தால், இரண்டு விஷயங்களுக்கு மட்டும் பணம். ஒன்று, அவர் இழக்கும் நில வாடகை. இரண்டாவது, ஃப்ளாட் அவர் கைக்குத் திரும்புவது 90 வருஷம் தள்ளிப்போவதற்கான ஈடு.

80-ஐத் தாண்டிக் கீழே இறங்கினால் மூன்றாவதாக ஒன்று சேரும். அதன் பெயர் 'மேரேஜ் வேல்யூ'. கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லீஸ் நீண்டதும் ஃப்ளாட்டின் மதிப்பு கூடுகிறது அல்லவா? அந்த லாபத்தில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு.

ஒரு கற்பனைக் கணக்கு. 78 வருஷம் மீதமுள்ள ஃப்ளாட்டின் இன்றைய மதிப்பு 2,70,000 பவுண்டு. லீஸை நீட்டித்தால் 3,00,000 பவுண்டு. முதல் இரண்டு விஷயங்களுக்கான ஈடு 9,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 30,000 மதிப்பு உயர்வில் இந்த 9,000 போக மீதி 21,000. அதில் பாதி 10,500. ஆக மொத்தம் 19,500 பவுண்டு. 80-க்கு மேல் இருந்தபோதே நீட்டித்திருந்தால், செலவு 9,000 பவுண்டை ஒட்டியே முடிந்திருக்கும்.

2007 தொடக்கத்தில் ஆரம்பித்த 99 வருஷ லீஸ், 2026 தொடக்கத்தில் 80-ஐத் தொடுகிறது. அந்தக் காலத்தில் கட்டிய 'புது' ஃப்ளாட்டுகளுக்கே இந்த நிலை என்றால், பழைய கட்டடங்களைச் சொல்ல வேண்டாம். லீஸ் குறையக் குறைய வங்கிகளும் கடன் கொடுக்கத் தயங்கும். கடன் கிடைக்காத ஃப்ளாட்டை விற்பதும் கஷ்டம்.

நீட்டிப்பது எப்படி?

முதலில், லீஸ் மதிப்பீட்டில் அனுபவமுள்ள சர்வேயரிடம் விலையைக் கணக்கிட வேண்டும். பிறகு வழக்கறிஞர் மூலம் 'பிரிவு 42 நோட்டீஸ்' அனுப்ப வேண்டும். கணக்குக்கு எடுத்துக்கொள்வது இந்த நோட்டீஸ் கொடுக்கும் தேதியைத்தான். 80 வருஷமும் ஒரு மாதமும் மீதி இருக்கும்போது நோட்டீஸ் கொடுத்துவிட்டால், பேச்சுவார்த்தை ஒரு வருஷம் இழுத்தாலும் மேரேஜ் வேல்யூ வராது.

பதில் சொல்ல ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். விலை ஒத்துவரவில்லை என்றால், அவருடைய பதில் வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் நோட்டீஸ் வாபஸ் ஆனதாகக் கருதப்படும். மறுபடி அனுப்ப 12 மாதம் காத்திருக்க வேண்டும். இப்போதைய விதிப்படி, ஃப்ரீஹோல்டரின் நியாயமான வழக்கறிஞர், மதிப்பீட்டுச் செலவும் நம் தலையில்தான்.

'நோட்டீஸ் எதுக்கு, நாமே பேசி முடிச்சுக்கலாம்' என்று ஃப்ரீஹோல்டர் சொல்லலாம். வேகமாக முடியும், சில சமயம் மலிவாகவும் முடியும். ஆனால், 90 வருஷம் தரவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. கையெழுத்துக்கு முன் வழக்கறிஞர் படித்துப் பார்ப்பது அவசியம்.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கலாமா?

இப்போது பலரும் கேட்கும் கேள்வி இதுதான். 2024 மே மாதம் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம், நீட்டிப்பை 990 வருஷமாக்குகிறது. மேரேஜ் வேல்யூவையே ஒழிக்கிறது. நோட்டீஸ் கொடுக்க இரண்டு வருஷம் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்ற பழைய விதி, 2025 ஜனவரி 31-ல் நீங்கிவிட்டது. ஆனால், 990 வருஷமும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பும் 2025 முடியும்வரை அமலுக்கு வரவில்லை. எதிர்த்து வழக்குப் போட்ட கடோகன், க்ரோவ்னர் போன்ற பெரிய நில உரிமையாளர்களின் மனுக்களை, 2025 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விலையைக் கணக்கிடும் வட்டி விகிதங்களை அரசு இனிமேல்தான் நிர்ணயிக்க வேண்டும்.

ஆக, பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

* 90-க்கு மேல் மீதி, விற்கும் எண்ணம் இல்லை: காத்திருப்பதில் பெரிய ஆபத்து இல்லை.
* 81, 82-ல் நிற்கிறது: புதுச் சட்டத்துக்கு முன் 80 வந்துவிட்டால் மேரேஜ் வேல்யூ தலையில் விழும். இப்போதே சர்வேயரைப் பார்ப்பது நல்லது.
* ஏற்கெனவே 80-க்குக் கீழே: அவசரம் இல்லாதவர்களுக்குக் காத்திருப்பது லாபமாகலாம். விற்கவோ, கடனை மாற்றவோ வேண்டியிருந்தால் அந்த வசதி இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

விளம்பரத்தில் பால்கனி, ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிஷம் என்பதைப் பார்க்கும்போதே, லீஸில் எத்தனை வருஷம் மீதி என்றும் கேளுங்கள். 83 என்று பதில் வந்தால், நீட்டிப்புச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். விற்பவரே நோட்டீஸ் கொடுத்து, அந்த உரிமையை விற்பனையோடு உங்கள் பெயருக்கு மாற்றித் தரவும் வழி உண்டு. அரசு நிதியில் இயங்கும் 'லீஸ்ஹோல்டு அட்வைசரி சர்வீஸ்' இணையதளத்தில் உத்தேசச் செலவை இலவசமாகக் கணக்கிடலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தத் தொகையைப் பார்த்துவிடுங்கள்.